நிரம்பாத தொட்டி

4

லாரிக்குள் ஒரு மீன் செத்துக் கிடந்தது.

மீன் லாரியாக இருந்தால் பரவாயில்லை. இது வீடு வீடாகப் போய் செப்டிக் டேங்க் உறிஞ்சுகிற லாரி. போலீஸ் ஸ்டேஷனின் பின்பக்க மதிலோரம், நசுங்கிப்போன இரண்டு கார்களுக்கு நடுவே அதைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். லாரி மேல் ஏறி மூடியைத் திறந்து, டார்ச்சோடு தலையை உள்ளே விட்ட ரேடியோ, விட்ட வேகத்திலேயே வெளியே இழுத்துக்கொண்டு மூக்கைப் பிடித்தபடி செய்தி வாசித்தான்.

“விரல் நீளத்துக்கு ஒரு மீன், அண்ணி. நிறைய பாசி. தண்ணி கலங்கலா இருக்கு. நாத்தமும் இருக்கு, ஆனா இருக்க வேண்டிய அளவுக்கு இல்ல.”

“இருக்க வேண்டிய அளவு உனக்கு எப்படித் தெரியும்?”

“கல்யாணத்துக்கு முன்னாடி ஆறு பசங்களோட ஒரே ரூம்ல இருந்தவன் நான்.”

அவனுக்கு அவள் அண்ணி. மற்ற எல்லோருக்கும் ‘இன்ஷூரன்ஸ் அக்கா’. எரியாத கடைக்கும் இடிபடாத காருக்கும் பணம் கேட்டு வருகிறவர்களின் குட்டை உடைக்கிற வேலையை ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பல வருஷம் பார்த்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். கணவனின் தம்பிதான் உதவியாளன். ஒருமுறை ஆன் செய்தால் தானாக நிற்காது என்பதால் வீட்டிலேயே வைத்த பெயர் ரேடியோ.

கேஸ் இதுதான். ஏரித் தெருவில் ஒருநாள் காலை மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்தன. அந்த வாரமே தெருக் குழந்தைகள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக ஆஸ்பத்திரியில் வரிசையாகப் படுத்தார்கள். மீன் மிதந்த காலையில் ஏரிக்கரையில் நின்ற ஒரே வெளி வண்டி இந்த லாரி. எங்கேயோ உறிஞ்சிய கழிவை எங்கள் ஏரியில் கொட்டிவிட்டான் என்று தெருவே கூடி டிரைவரைப் புரட்டி எடுத்து, லாரியோடு சேர்த்து ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டது.

டிரைவரின் மனைவி சலவைக்கடை கவுண்ட்டரில் வேலை செய்பவள். முந்தின நாள் சாயங்காலம் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்து இன்ஷூரன்ஸ் அக்காவின் எதிரில் உட்கார்ந்தாள். அழவில்லை. அழுது முடித்த முகம்.

“அவர் கொட்டல அக்கா. லைசென்ஸ் போச்சுன்னா அவருக்கு வேற தொழில் தெரியாது. பேர் போச்சுன்னா தெரிஞ்ச தொழிலுக்கும் யாரும் கூப்பிட மாட்டாங்க. அவர் கொட்டலன்னு மட்டும் நிரூபிச்சுக் குடுங்க, போதும்.”

இன்ஸ்பெக்டருக்கோ கேஸ் முடிந்தே விட்டது. கழிவை ஏரியில் கொட்டியிருக்கிறான். பிறகு அதே ஏரித் தண்ணீரை உறிஞ்சி லாரியை அலசியிருக்கிறான். இல்லாவிட்டால் லாரிக்குள் பாசி ஏன் வருகிறது, மீன் ஏன் வருகிறது என்று கேட்டார். கேட்டுவிட்டு, பதில் சொல்ல ஆள் இல்லாததை ரசித்தபடி டீயைக் குடித்தார்.

லாக்கப் கம்பிக்குப் பின்னால் இருந்த டிரைவரின் ஒரு கண் முழுக்க மூடியிருந்தது. உதடு வீங்கியிருந்ததால் வார்த்தைகள் மெதுவாக வந்தன. ஏரித் தெருவின் கடைசி வீடு, ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் வீடு. டாய்லெட்டில் தண்ணீர் எதிர்த்து வருகிறது என்று அவரே ஸ்கூட்டரில் ஸ்டாண்டுக்கு வந்து கூப்பிட்டிருக்கிறார். இவன் போய்த் தொட்டிக்குள் குழாயை விட்டிருக்கிறான்.

“லாரி ரொம்பிடுச்சு அக்கா. தொட்டி குறையவே இல்ல. சரி, ஒரு நடை போய் இறக்கிட்டு வரலாம்னு வண்டியைத் திருப்பினேன். அதுக்குள்ள மீன் மீன்னு கத்திக்கிட்டு எல்லாரும் வந்துட்டாங்க.”

ஹெட்மாஸ்டர் போலீஸில் சொன்னது வேறு. லாரியைத் தான் கூப்பிடவே இல்லை. கூப்பிடவேண்டிய அவசியமும் இல்லை. தன் வீட்டுத் தொட்டி, கட்டின நாளிலிருந்து ஒருமுறைகூட நிரம்பினது கிடையாது.

காரில் ஏறி உட்கார்ந்த அண்ணி, பெல்ட்டை மாட்டாமல் யோசித்தாள். “ஒரு முறைகூட நிரம்பினது கிடையாதா?”

“பெருமையா வேற சொல்லியிருக்கார். சிலருக்கு முடி கொட்டாததுல பெருமை. இவருக்குத் தொட்டி.”

“வண்டியை ஏரித் தெருவுக்கு விடு.”

ஏரித் தெரு அழகான தெரு. அதாவது பாதி. ஒரு பக்கம் பூச்செடியும் இரும்பு கேட்டுமாக வீடுகள், அவற்றின் முதுகுப்பக்கம் ஏரி. தெருவின் நடுவே மட்டும் ஆள் ஆழத்துக்குப் பள்ளம். பாதாள சாக்கடை வேலை. பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் பெரிய பைப்புகள் குவிந்து கிடந்தன. இத்தனை வருஷம் இந்தத் திட்டத்தை உள்ளேயே விடாத தெரு, லாரிக்காரன் விவகாரத்துக்குப் பிறகு ஒரே கூட்டத்தில் சம்மதித்துவிட்டது என்று பள்ளத்தில் நின்ற வேலையாள் சொன்னார். வீட்டுக்கு வீடு இணைப்பு கொடுத்து, பழைய தொட்டிகளைக் காலி செய்து, மணல் ரொப்பி மூடிவிடுவார்களாம்.

ரேடியோ புது வேஷம் கட்டினான். பக்கத்து ஊரில் வீடு கட்டப்போகிறவன், செப்டிக் டேங்க் பற்றி விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுப்போக வந்திருக்கிறான். கேட் கேட்டாக இந்தக் கதையை விட்டதில், அண்ணியே நம்பிவிடும் அளவுக்கு அந்த வீட்டுக்கு ஒவ்வொரு மாடியாகக் கூடிக்கொண்டே போனது.

முதல் வீட்டு பேங்க் மேனேஜர், தன் தொட்டி நிரம்பினதே இல்லை என்றார். அடுத்த வீட்டு டாக்டரம்மா, தான் இந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு முன்பிருந்தே நிரம்பவில்லை என்றார். மருந்துக்கடைக்காரர் வீட்டில் தாத்தா காலத்தில் ஒருமுறை மூடியதோடு சரி, மூடி எங்கே இருக்கிறது என்பதே மறந்துவிட்டதாம். அவர் அதைச் சொன்ன விதத்தில், அது அந்தத் தெருவில் பெரிய அந்தஸ்து என்று புரிந்தது. பெண் பார்க்க வருகிறவர்களிடம்கூடச் சொல்வார்கள் போலிருந்தது. எல்லாத் தொட்டியையும் கட்டியது ஒரே கொத்தனார். கைராசிக்காரராம். இப்போது உயிரோடு இல்லை.

கடைசி கேட்டைச் சாத்திவிட்டு வந்த ரேடியோ நெற்றியைத் துடைத்தான்.

“இந்தத் தெருவுல யாரும் பாத்ரூமே போறதில்ல போலிருக்கு அண்ணி.”

“ஒரு வாளியில தினமும் தண்ணி ஊத்தறே. வருஷக்கணக்கா ரொம்பவே மாட்டேங்குது. அது என்ன வாளி?”

“மாய வாளி.”

“ஓட்டை வாளி.”

ரேடியோ வீடுகளைப் பார்த்தான். பிறகு வீடுகளின் இடைவெளியில் தெரிந்த ஏரியைப் பார்த்தான்.

“அப்ப இவ்வளவு நாளா…”

“நமக்குத் தெரிஞ்சா போதாது. இன்ஸ்பெக்டர் கண்ணுக்குத் தெரியணும்.”

சலவைக்கடைக்குப் போனார்கள். டிரைவரின் மனைவி கவுண்ட்டருக்குப் பின்னால் வெள்ளைச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். கடையில் இருக்கிற சொட்டு நீலம் முழுக்க வேண்டும் என்று அண்ணி கேட்டதும், ஏன் எதற்கு என்று கேட்காமல் ஒரு பெரிய கேனைத் தூக்கிக் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் எதற்கு என்றாள்.

“உங்க வீட்டுக்காரர வெளுக்கத்தான்” என்றான் ரேடியோ. அவள் சிரித்தாள். அந்தக் கேஸ் ஆரம்பித்த பிறகு அவள் சிரித்து அவர்கள் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஹெட்மாஸ்டர் வீட்டு ஹாலில் சோபாவுக்கு இன்னும் பிளாஸ்டிக் உறை இருந்தது. சுவர் முழுக்க வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளோடு எடுத்த போட்டோக்கள். பாதாள சாக்கடை இணைப்பு விஷயமாகப் பேச வந்ததாக அண்ணி சொன்னாள். பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. தோளில் பெரிய பை தொங்கியது. ரேடியோ ஏற்கெனவே வீட்டுக்குப் பின்னால் போய், பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு நாணல்களுக்கு நடுவில் ஏரியில் இறங்கியிருந்தான்.

கொஞ்ச நேரம் பேசிவிட்டு, டாய்லெட் போகலாமா என்று கேட்டாள். ஹெட்மாஸ்டர் ஒரு விநாடி தயங்கினார். அவர் மனைவிதான் எழுந்து கதவைக் காட்டினார்.

உள்ளே பினாயில் வாசனை கண்ணைக் கரித்தது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், வெள்ளை டைல்ஸ் மேல் சுற்றிலும் ஒரு பழுப்புக் கோடு. தேய்த்துத் தேய்த்துப் பாதி அழிந்திருந்தது. தண்ணீர் எதிர்த்து வந்து நின்ற உயரம். டிரைவர் சொன்னது அங்கேயே பாதி நிரூபணமாகிவிட்டது.

மீதிப் பாதியைக் கேனிலிருந்து ஊற்றினாள். ஃப்ளஷ்ஷை இழுத்தாள். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். மறுபடி இழுத்தாள். ஃப்ளஷ் தொட்டி நிரம்ப நிரம்ப மறுபடியும்.

வெளியே வந்தபோது, வயிறு சரியில்லையா, மாத்திரை ஏதாவது வேண்டுமா என்று ஹெட்மாஸ்டரின் மனைவி உண்மையான அக்கறையோடு விசாரித்தார். அண்ணி தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தாள். போட்டோக்களில் இருக்கிற பிள்ளைகளைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டாள். இவன் டாக்டர், இவள் பக்கத்து வீட்டு மருமகள், இவன்தான் மருந்துக்கடை என்று ஹெட்மாஸ்டர் சொல்லிக்கொண்டே வந்தார். பாதித் தெரு அவரிடம் படித்திருந்தது.

செல்போன் அடித்தது. அண்ணி அதை ஸ்பீக்கரில் போட்டு டீப்பாய்மேல் வைத்தாள்.

“அண்ணி, ஏரி நீலமாகுது.” ரேடியோவின் குரல் காற்றோடு கலந்து வந்தது. “தண்ணிக்கு அடியில ஒரு பைப் வாய் தெரியுது. அதுலேருந்துதான் குபுகுபுன்னு வருது. எல்லாத்தையும் வீடியோ எடுத்துட்டேன். என் பேண்ட்டும் நீலமாகுது, அதை எடுக்கல.”

போனை அணைத்தாள்.

“நான்தான் லாரியைக் கூட்டிட்டு வரச் சொன்னேன்” என்றார் ஹெட்மாஸ்டரின் மனைவி. கணவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அதன் பிறகு எல்லாம் வந்தது. கைராசிக்காரக் கொத்தனார் ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் ஏரிக்கு ஒரு பைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். தண்ணீர்மட்டத்துக்குக் கீழே, யார் கண்ணுக்கும் படாத மாதிரி. ஆயுசுக்கும் காலி செய்யவே வேண்டாம் என்பது அவருடைய உத்தரவாதம். இந்த வருஷ மழையில் ஏரி ஏறியது. ஏறின தண்ணீர் பைப் வழியாக எல்லாத் தொட்டிக்குள்ளும் புகுந்து, அத்தனை வருஷச் சேற்றையும் அலசி இழுத்துக்கொண்டு போனது. மீன் செத்தது அதனால். டிரைவர் அன்றைக்கு உறிஞ்சியது தொட்டியை இல்லை, ஏரியை. பைப்பில் ஏறி வந்த மீன்தான் லாரிக்குள் கிடந்தது.

“இதை இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்றீங்களா சார்?” என்றாள் அண்ணி.

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அவனை அடிச்சப்ப நான் இந்த ஜன்னல்லதான் நின்னேன்மா. நான் வாயைத் தொறந்தா மாட்டறது என் வீடு மட்டும் இல்ல. அடிச்சவங்க பூராவும் நான் அ, ஆ சொல்லிக் குடுத்த பசங்க.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “என்னால முடியாதும்மா.”

அவர் சொல்லாவிட்டாலும் வீடியோ பேசும் என்று அண்ணி கிளம்பினாள். ஈரப் பேண்ட்டோடு ரேடியோ கார் ஓட்டினான். ஸ்டேஷனுக்குள் ஓடினார்கள்.

லாக்கப் காலியாக இருந்தது. பின்பக்க மதிலோரம் நசுங்கிய கார்கள் இரண்டு மட்டும் நின்றன. நடுவில் லாரி இல்லை.

இன்ஸ்பெக்டர் நல்ல மனநிலையில் இருந்தார். டிரைவர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான் என்றார். எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. அபராதத்தோடு முடிந்தது. லைசென்ஸ் ரத்தாகும், ஆனால் ஏரித் தெரு வேலை முடிகிறவரை ஓட்டலாம். அண்ணி வீடியோவை நீட்டினாள். நீலத் தண்ணீரைப் பாதி பார்த்தவர், அவனே ஒப்புக்கொண்ட பிறகு இது யாருக்கு என்று கேட்டுவிட்டு, அடுத்த ஃபைலை எடுத்தார்.

மறுபடி ஏரித் தெரு. பேங்க் மேனேஜர் வீட்டு வாசலில் லாரி நின்றது. ஒரு கண் மூடிய டிரைவர், குழாயைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு உள்ளே போனான். அன்றைக்கு அவனை அடித்தவர்களில் ஒருவர், பூச்செடி மிதிபடாமல் போகும்படி வழி காட்டினார்.

பள்ளத்தோரம் மஞ்சள் ஹெல்மெட்டோடு பாதாள சாக்கடைத் திட்டத்தின் இன்ஜினியரம்மா நின்றிருந்தார். வீடியோவைக் கடைசிவரை பார்த்தது அவர் ஒருவர்தான். பார்த்துவிட்டுப் போனை ரேடியோவிடம் திருப்பிக் கொடுத்தார்.

“எனக்கு முதல் நாளே தெரியும். இணைப்புக்காகத் தொட்டியோரம் தோண்டின இடமெல்லாம் ஏரிக்குப் போற அவங்க பைப்தான் தட்டுப்பட்டுது.”

“தெரிஞ்சும் சொல்லலையா?” என்றாள் அண்ணி.

“சொன்னா என்ன ஆகும்? வீட்டுக்கு வீடு கேஸ் வரும்னு பயந்து எல்லாரும் கோர்ட்டுக்குப் போவாங்க. ஸ்டே வாங்குவாங்க. இந்தப் பள்ளத்தை மூடிட்டு நான் போயிடணும். அந்த ஏரித் தண்ணியிலதான் மறுபடியும் குழந்தைங்க குளிக்கும்.” குரல் உயரவில்லை. களைத்திருந்தது. “ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் வருஷக்கணக்கா நின்னு கெஞ்சியிருக்கேன். எங்க தொட்டிதான் நிரம்பறதே இல்லையேன்னு அனுப்பிடுவாங்க. அந்த லாரிக்காரர் மேல வந்த கோவத்துலதான் சம்மதிச்சாங்க. அவர் கொட்டலன்னு ஆச்சுன்னா, சம்மதமும் இல்ல.”

“அவரை வெளிய கொண்டு வந்தது?”

“நான்தான் இன்ஸ்பெக்டர்கிட்ட பேசினேன். தொட்டியைக் காலி பண்ணாம மணல் ரொப்பக் கூடாது, விதி. இந்தச் சுத்துவட்டாரத்துல இருக்கறது அந்த ஒரு லாரி. ஒத்துக்கிட்டா இன்னைக்கே வீட்டுக்குப் போலாம்னு சொன்னோம். என்னால முடிஞ்ச நல்லது இவ்வளவுதான்.”

ரேடியோ போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

ஆரஞ்சு பைப் குவியலின் மேல் டிரைவரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். சலவைக்கடை யூனிஃபார்ம். மடியில் சாப்பாட்டுப் பாத்திரம். அண்ணி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நிரூபித்தாகிவிட்டது என்றும், எல்லாம் கையில் இருக்கிறது என்றும், ஒரு வக்கீலைப் பிடித்து வாக்குமூலத்தை வாபஸ் வாங்கலாம் என்றும் மெதுவாகச் சொன்னாள்.

“கையெழுத்துப் போட்டுட்டார் அக்கா. சாட்சியா நானும் போட்டேன்.”

“காலையில நீங்கதானே நீலம் குடுத்தீங்க?”

“காலையில அவர் உள்ள இருந்தாரு.” பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்து மறுபடி மூடினாள். “வாபஸ் வாங்கினா திரும்ப உள்ள போகணுமாம். அந்தக் கண்ணை நீங்க பாத்தீங்கல்ல? இன்னொரு ராத்திரி அவர் அங்க இருக்க வேணாம். நீங்க கண்டுபிடிச்சதை நான் இல்லன்னு சொல்லல. நீங்களே வச்சுக்கங்க.”

பல வருஷம் பொய்களோடு மல்லுக்கட்டியவள் இன்ஷூரன்ஸ் அக்கா. ஒரு பொய்யைக் கண்டுபிடித்தால் அது உடைந்துவிடும் என்றுதான் அதுவரை அவளுக்குப் பழக்கம். இந்தப் பொய்யின் மேல் ஒரு தெரு நின்றது, அதன் குழந்தைகள் நின்றார்கள், ஒருத்தி வீட்டுக்காரனின் இன்றைய ராத்திரியும் நின்றது. எங்கே தட்டினாலும் அவர்களில் யாராவது ஒருவர் தலையில்தான் விழும்.

பேங்க் மேனேஜர் வீட்டுத் தொட்டிக்குள் குழாய் இறங்கி வெகுநேரம் ஆகிவிட்டது. மோட்டார் உறுமிக்கொண்டே இருந்தது. லாரி நிரம்பியது. தொட்டியில் தண்ணீர் இம்மிகூட இறங்கவில்லை. டிரைவர் மோட்டாரை அணைத்துவிட்டு இன்ஜினியரம்மாவைப் பார்த்தான்.

“இது காலியாகாதும்மா. ஏரி காலியானாத்தான் உண்டு.”

“தெரியும்” என்றார் அவர். “பைப் வாயை அடைச்சுட்டு மணலைக் கொட்டச் சொல்லுங்க.”

டிப்பர் லாரி பின்வாங்கி வந்து தன் மணல் பெட்டியைத் தூக்கியது. மணல் சரிந்தது. சுற்றி நின்றவர்கள், இனிமேலாவது தெரு சுத்தமாக இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். ஒருவர் டிரைவரைக் காட்டி, திருந்திவிட்டான் போலிருக்கிறது என்றார். கெட்ட எண்ணம் இல்லாமல்தான் சொன்னார்.

டிரைவர் குழாயைச் சுருட்ட ஆரம்பித்தான். அண்ணி அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

“நீங்க கொட்டலன்னு எனக்குத் தெரியும்.”

அவன் நிமிர்ந்து திறந்திருந்த ஒரு கண்ணால் அவளைப் பார்த்தான்.

“எனக்கும் தெரியும்க்கா. அந்த முனையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க, தரையில இழுபட்டா கிழிஞ்சுடும்.”

அவள் குனிந்து பிடித்தாள். அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. ரேடியோவும் வந்து ஒரு கை கொடுத்தான். மூன்று பேருமாகக் குழாயைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். டாக்டரம்மா வீட்டு கேட் ஏற்கெனவே அகலமாகத் திறந்திருந்தது.